குளிரில் கிளம்பாத பழைய டீசல் ஜீப்: கோளாறைக் கண்டுபிடித்த விதம்

பழைய டீசல் வண்டி காலையில் அடம்பிடிக்கிறது என்றால், அந்தக் கோளாறு முழுதாக வெளியே தெரிவது ஒரு நாளில் ஒரே ஒரு தடவைதான். இரவெல்லாம் நின்று ஆறிப்போன எஞ்சினை முதன்முதலாகச் சுற்றுகிறோமே, அந்த நேரம் மட்டும்தான். எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டால் எஞ்சின் சூடாகிவிடும், பைப்புகளில் டீசல் நிரம்பிவிடும், பேட்டரியிலும் சார்ஜ் ஏறிவிடும். அதற்கப்புறம் எந்தப் பட்டறைக்கு ஓட்டிப் போனாலும் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பும். "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இல்லையென்றால் "டீசல் பம்ப் போயிருக்கும், இறக்கிடலாம்" என்பார்கள். இரண்டாவது பதில் பல ஆயிரம் ரூபாய் செலவு.

எங்கள் வண்டி 1994-இல் வந்த மஹிந்திரா எம்எம்540. கோத்தகிரி பக்கம் தோட்டத்தில் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்ற, உர மூட்டை கொண்டுவர, மழைக்காலத்தில் ஆட்களை ஊருக்குள் இறக்கிவிட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். எஞ்சின் பெஜோ வடிவமைப்பான எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 2,112 சிசி. வேகம் கிடையாது, ஆனால் பாரம் ஏற்றினால் முனகாமல் மேடு ஏறும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் காலையில் உயிரை வாங்கியது. செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) அடித்து அடித்துப் பேட்டரி இறங்கும். ஒருவழியாக ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று தட்டித் தட்டி ஓடத் தொடங்கும். சில நொடி ஓடிவிட்டு நின்றும் போகும்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் காட்டினோம். இரவு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். காலையில் அவர்கள் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையம் அடிவாரம், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதோடு குளிர் வேறு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். உள்ளே வரும் காற்றே குறைவாகவும் குளிர்ந்தும் இருந்தால், இறுக்கிய பிறகு வரும் சூடும் குறையும். எக்ஸ்டிபி போன்ற எஞ்சின்களில் இன்னொரு சங்கதி உண்டு. டீசலை நேராகப் பிஸ்டன் தலையில் பீச்சாமல், சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஒரு சிறிய அறைக்குள் பீச்சுகிறார்கள். அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் இறுக்கிய காற்றின் சூட்டை அதுவே குடித்துவிடும். அதற்காகத்தான் ஒவ்வோர் அறையிலும் ஒரு ஹீட்டர் பிளக். மலையில் வரும் கோளாறை மலையில்தான், அதுவும் விடியற்காலையில்தான் பார்க்க முடியும்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஸ்டார்ட்டிங் டிரபிள் உள்ள வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவோம். காலையில் பிரேக்கை விட்டு, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டால் ஓடிவிடும். வேலை நடக்கிறது என்பதால் பல வருடம் அப்படியே போய்விடும். ஆனால் இறக்கத்தில் விடும்போது செல்ஃபைவிட மிக வேகமாக எஞ்சின் சுற்றுகிறது. அதனால் பேட்டரி, எர்த் (பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு சேர்க்கும் இணைப்பு), ஹீட்டர், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று இறுகும் அழுத்தம்) எல்லாவற்றின் குறையும் மறைந்துவிடும். குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

எங்களுக்கு வழிகாட்டியவர் கோத்தகிரியில் வெகுகாலமாக ஜீப் வேலை பார்க்கும் ஒரு பாய். வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "மூக்கை மேட்டைப் பாத்து நிறுத்துங்க தம்பி. சக்கரத்துக்கு நல்லா கல்லு வெச்சிடுங்க. காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியத் தொடாதீங்க" என்றார். போகும் முன் ஒரு வேலை மட்டும் செய்தார். டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒன்றை மாட்டினார். கை பம்ப்பை அடித்து ஏர் முழுக்க வெளியேற்றி, ஹோஸில் காற்றுக்குமிழி ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் போனார்.

மூக்கை மேட்டில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்படி நிறுத்தினால் எஞ்சின் மேலேயும் டேங்க் கீழேயும் போகும். வழியில் எங்கேயாவது ஏர் நுழைய இடம் இருந்தால், பைப்பில் நிற்கும் டீசல் இரவோடு இரவாக டேங்குக்கே இறங்கிவிடும். இறக்கம் பார்த்து நின்ற வண்டியில் இந்தக் கோளாறு பாதி ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் விடியற்காலையில் பாய் மல்டிமீட்டரோடு வந்தார். சாவியைத் திருப்பும் முன்னால் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நேற்று நிறைந்திருந்த ஹோஸில் பாதிக்குமேல் காற்று. அதைப் பார்த்துவிட்டு, "சரி, ஒண்ணு கிடைச்சுது. இதோட நிறுத்தாதீங்க, பழைய வண்டியில ஒண்ணோட முடியாது" என்றார்.

அடுத்தது பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6 அளவுக்கு இருக்கும், 12.2-க்கு வந்துவிட்டால் பாதிதான் மிச்சம். ஆகவே பேட்டரியில் தப்பில்லை. ஆனால் சும்மா இருக்கும் வோல்ட்டை மட்டும் பார்ப்பது போதாது. உறைபனிக் குளிரில் பேட்டரி தரக்கூடிய வேகமான கரண்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி எஞ்சின் சுற்றுவதும் கனமாகிவிடும். அதனால் செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். பேட்டரி முனைகளில் 9.8 வரை இறங்கியது, அது சரியான அளவுதான். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முளையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். எர்த் நன்றாக இருந்தால் 0.2, 0.3-க்கு மேல் காட்டக் கூடாது. 1.1 காட்டியது. பேட்டரி கொடுத்த வோல்ட்டேஜில் ஒரு வோல்ட்டுக்கு மேல் எர்த் ஒயரிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. பிளஸ் பக்கத்தையும் இதே மாதிரி பேட்டரி முளைக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவில் பார்க்கலாம். அங்கே அரை வோல்ட்டுக்குள் இருந்தால் போதும்.

பேட்டரி மாற்றியும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்பவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினுக்குச் சுற்றும் வேகம் உயிர் மாதிரி முக்கியம். மெதுவாகச் சுற்றினால், இறுக்கிய காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியவும் அதன் சூடு சுவரில் இறங்கவும் கூடுதல் நேரம் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது ஹீட்டர். எங்கள் வண்டியில் நான்கு பிளக்குகளையும் ஒரு தகடு இணைக்கிறது. அந்தத் தகட்டில் மீட்டரை வைத்து ஹீட்டரைப் போட்டபோது 8 வோல்ட்தான் வந்தது, பேட்டரியில் அதே நேரம் 11-க்கு மேல். நடுவில், ஹீட்டருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயின் உள்முனை கருகிப்போயிருந்தது. தகட்டைக் கழற்றி ஒவ்வொரு பிளக்காக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் நான்கிலும் விளக்கு எரிந்தது. அதாவது பிளக்குகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஹீட்டரின் சூடு வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 11 வர வேண்டிய இடத்தில் 8 வந்தால் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும். டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, பிளக்கும் நல்ல பிளக், ஆனால் அறை சூடாகவில்லை. பிளக் செட்டை மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், பலன் இருந்திருக்காது.

இங்கே ஒரு விஷயம். டெஸ்ட் லாம்ப் எரிந்தால் பிளக்கின் உள்ளே கம்பி அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் பொருள். சந்தேகம் இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றி வைஸில் பிடித்துப் பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள், சில நொடியில் முனை செக்கச்செவேலென்று ஆக வேண்டும். கையில் பிடித்துச் செய்யாதீர்கள். இன்னும் பழைய சில டீசல் வண்டிகளில் பிளக்குகள் வரிசையாகக் கோத்திருக்கும். அவற்றில் ஒன்று போனால் எல்லாமே போகும், சோதிக்கும் முறையும் மாறும்.

இவ்வளவும் பார்த்தபின் பாய் என்னைப் பின்னால் போய் நின்று புகையைப் பார்க்கச் சொன்னார். டீசல் வண்டியில் இதைவிட மலிவான சோதனை கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. அப்போது சூடு, சுற்றும் வேகம், கம்ப்ரஷன் பக்கம் தேட வேண்டும். எங்கள் வண்டியில் முதலில் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் வெள்ளையாக வந்தது. அதன்பின் தட்டித் தட்டி ஓடியது. ஏர் கோளாறும் சூட்டுக் கோளாறும் ஒன்றாக இருப்பதைப் புகை அப்படியே சொல்லிவிட்டது.

பழைய வண்டிகளைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பெரும்பாலும் ஒரு பெரிய கோளாறு இருக்காது, சில அரைகுறைக் கோளாறுகள் சேர்ந்திருக்கும். எர்த்தில் கொஞ்சம், ரிலேயில் கொஞ்சம், பைப்பில் கொஞ்சம். அடிவாரத்து வெயிலில் இவற்றில் எதுவும் எஞ்சினைத் தடுக்காது. மலைக்குளிரில் எல்லாம் ஒன்றுகூடித் தடுத்துவிடும். ஒன்றை மட்டும் சரிசெய்து "அப்பவும் வரலியே, அப்ப பம்ப்தான்" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். அந்த முடிவில் நல்ல பம்புகள் எத்தனையோ தேவையில்லாமல் பிரிக்கப்படுகின்றன.

மூன்றையும் ஒரே நாளில் சரிசெய்திருக்கலாம். பாய் விடவில்லை. ஒரு காலைக்கு ஒரு மாற்றம் என்றார், எது எவ்வளவு பலன் தந்தது என்று அப்போதுதான் தெரியும் என்றார். முதலில் எர்த். பழைய பட்டையைக் கழற்றினால் சேசிஸ் பக்கம் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டிருந்தது, அடியில் துரு. சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரியவைத்து, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் தடவினோம். மறுநாள் செல்ஃப் சுற்றும் சத்தமே வேறு. ஆனாலும் ஸ்டார்ட் ஆகத் தாமதம்தான். அடுத்து ரிலே. அதன்பின் சீக்கிரம் பற்றியது, ஆனால் சில நொடி ஓடிவிட்டு நின்றது. பம்புக்குள் தங்கியிருந்த டீசல் தீர்ந்ததும் ஏர் வந்து நின்றிருக்கிறது. இப்போது மிச்சம் இருப்பது டீசல் பாதை மட்டும் என்று தெளிவாகிவிட்டது.

ஏர் எங்கே நுழைகிறது என்று தேடுவதுதான் இதில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. டேங்கிலிருந்து வரும் பாதை உறிஞ்சும் பாதை. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல, அங்கே காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. ஈரம் தேடினால் கிடைக்காது. "எங்கயும் லீக் இல்லையே" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

பாய் செய்தது இது. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, ஜீப்பின் மேல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். முதலில் அதிலிருந்து நேராக ஃபில்டருக்கு ஹோஸ் கொடுத்து ஓர் இரவு விட்டோம். காலையில் ஹீட்டர் போட்டு சாவியைத் திருப்பியதும் பற்றியது, நிற்காமல் ஓடியது. ஆக பம்பும், டீசலைப் பீச்சும் நாசிலும் குற்றமற்றவை, டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான் கோளாறு. பிறகு கேனின் ஹோஸை டேங்க் முனையில் பைப்போடு இணைத்தார். இப்போது கேன் உயரத்தில் இருப்பதால் பைப் முழுவதும் டீசல் உள்ளிருந்து வெளியே தள்ளும். காற்று நுழைந்த இடத்தில் இப்போது டீசல் கசிந்தே ஆக வேண்டும். பைப்பை முழுக்கத் துடைத்துவிட்டு, இணைப்புகளில் வெள்ளைத் தாள் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

இரண்டு இடத்தில் தாள் நனைந்திருந்தது. ஒன்று டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. இன்னொன்று கை பம்ப்பின் அடி வாஷர். ஹோஸ் இறுகிப்போயிருந்தால் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, ஹோஸைத்தான் மாற்ற வேண்டும். செம்பு வாஷர்களை ஒருமுறை கழற்றினால் மறுபடி அப்படியே போடக் கூடாது. புதிது போடுங்கள். கைவசம் இல்லாவிட்டால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடி மென்மையாகிவிடும். நாசில்களின் மேல் ஓடும் ரிட்டர்ன் ஹோஸையும் கூடவே மாற்றிவிடுங்கள். அதன் விலை அற்பம், அது வெடித்தாலும் டீசல் பின்னால் இறங்கும்.

டீசல் பாதையிலிருந்து ஏர் எடுக்கும்போது சில எச்சரிக்கைகள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், மூன்றும் இல்லாமல் யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. நாசில் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கும்போது அந்த முனையில் விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. செல்ஃபைப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்கு நேரே பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும், கொளுத்திய காகிதத்தைக் காட்டுவதும், ஈத்தர் ஸ்ப்ரே அடிப்பதும் மலையில் சாதாரணமாக நடக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஸ்ப்ரேயும் பெட்ரோல் ஆவியும் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்துப் பற்றும். ரிங் உடையும், பிஸ்டன் உடையும், முகத்திலும் தீ அடிக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்கள் வண்டிக்கு நேர்மாறான கோளாறும் உண்டு, அதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும், ஓடிச் சூடான பின் நிறுத்தினால் வராது, ஆறியதும் வரும். ரோட்டரி பம்ப் உள்ள வண்டிகளில் இது பம்பின் உள்தேய்மானத்துக்கு அடையாளம். சூட்டில் டீசல் நீர்த்து, மெதுவாகச் சுற்றும்போது தேய்ந்த இடைவெளியில் கசிந்துவிடும். எஞ்சினை நிறுத்திய நிலையில் ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுக் கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்கள், அதன்பின் ஸ்டார்ட் ஆனால் பம்ப் கடைக்குப் போகக் காரணம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது, உள்ளே பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகத்தான் கம்ப்ரஷன் பார்த்தோம். அதற்கு முன் டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இடைவெளியைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்தோம். இறுக்கமான டேப்பட் வால்வை முழுதாக மூடவிடாது, அப்படியே கம்ப்ரஷன் பார்த்தால் எஞ்சின் தேய்ந்ததாகத் தவறாகத் தோன்றும். ஆயிலையும் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு 20டபிள்யூ-50-இலிருந்து 15டபிள்யூ-40-க்கு மாற்றினோம், குளிரில் சுற்றுவது இன்னும் இலகுவானது. கம்ப்ரஷன் பார்க்க டீசலுக்கென்று வரும் கேஜ்தான் வேண்டும். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஹீட்டர் பிளக் ஓட்டையில் மாட்டி, டீசலை நிறுத்திவைத்து, ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்கலாம். வரும் எண்ணைவிட நான்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒன்று மட்டும் மிகவும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வையோ ரிங்கையோ பார்க்க வேண்டும். நான்கும் ஒருசேரத் தாழ்ந்திருந்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகையும் குபுகுபுவென்று வந்தால் எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது. எங்கள் வண்டியில் நான்கும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஹெட்டைத் திறக்கவில்லை, பம்பையும் இறக்கவில்லை. புது ஹோஸ், வாஷர், ரிலே, எர்த் பட்டை எல்லாம் சேர்ந்து, பம்ப் இறக்கக் கேட்ட கூலியில் சிறு பகுதிகூட ஆகவில்லை.